தினசரி கொரோனா எண்ணிக்கையை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல், தமிழ்நாட்டில் மாலை ஆனால் எல்லோரும் தேடியது சுகாதாரத் துறையின் பி.டி.எஃப். அறிக்கையைத்தான். அதைப் படித்தவர்கள் கேட்ட சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல இருந்தன. பழைய எண்களைப் புரட்டுபவர்களும், எங்கோ புதிய அலை என்று செய்தி வந்தால் பதறுபவர்களும் இன்றைக்கும் அவற்றையே கேட்கிறார்கள். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. விடைகள் பெரும்பாலும் 2020–22 தமிழக அறிக்கையை வைத்து எழுதியவை.

1. சாயங்காலம் டிவில "இன்று 1,500 பேருக்கு கொரோனா"ன்னு சொல்றாங்களே, அந்த எண் எங்கிருந்து வருது?

ஆய்வகத்திலிருந்து. மூக்கு, தொண்டைச் சளி மாதிரி எடுக்கும்போதே பெயர், வயது, முகவரி, கைபேசி எண் எல்லாம் படிவத்தில் ஏறிவிடும். ஆய்வகம் முடிவை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தளத்தில் பதியும். பாசிட்டிவ் ஆனவர்களின் பட்டியல் மாநில சுகாதாரத் துறைக்குப் போகும். அங்கே ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்கி, முகவரியை வைத்து மாவட்டம் பிரித்துக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டல்தான் மாலையில் வரும்.

ஆக, அறிக்கையில் "இன்று" என்றால் இன்று கணக்கில் ஏறியவர்கள் என்று மட்டுமே பொருள். கீழே உள்ள கேள்விகளில் பாதி, இந்த ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

2. அப்ப அந்த 1,500 பேருக்கும் இன்னைக்கு நோய் தொத்தலையா?

இல்லை. கிருமி உடலில் புகுந்து காய்ச்சலோ தொண்டை வலியோ தெரிய, 2020-இல் பரவிய வகைக்குச் சராசரியாக 5 நாள் ஆனது. "சாதாரண சளிதான்" என்று கஷாயம் வைத்துக் குடித்துப் பார்த்ததில் இரண்டு மூன்று நாள் போகும். மாதிரி கொடுத்து முடிவு வர ஒன்றிரண்டு நாள், கணக்கில் ஏற இன்னொரு நாள். மொத்தத்தில் இன்று அறிவிக்கப்படுபவர்கள் ஏறக்குறைய ஒன்பதிலிருந்து பதினோரு நாளுக்கு முன் தொற்றியவர்கள்.

ஊரடங்கு போட்ட மூன்றாம் நாளே "எண்ணிக்கை குறையலையே" என்று கேட்பது இதனால்தான் பொருந்தாது. பத்து நாளாவது கழிந்த பிறகுதான் அதன் பலன் எண்ணில் தெரியத் தொடங்கும். திருவிழாவோ தேர்தல் கூட்டமோ கெடுத்ததும் அதே போலத் தாமதமாகத்தான் தெரியும்.

3. நேத்து 1,550, இன்னைக்கு 1,190. குறைஞ்சிடுச்சு தானே?

ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதிரி எடுப்பது குறையும், சில தனியார் ஆய்வகங்கள் பாதி ஆட்களோடு ஓடும். அதனால் திங்கள், செவ்வாய் அறிக்கைகளில் எண் இறங்கி, புதன், வியாழனில் ஏறும். பொங்கல், தீபாவளி வாரங்களில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கும்.

மருந்து, ஏழு நாள் சராசரி. ஒரு மாவட்டத்தில் புதன் தொடங்கி செவ்வாய் வரை 1,400, 1,520, 1,480, 1,610, 1,550, 1,190, 1,050 என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக.) கூட்டினால் 9,800, ஏழால் வகுத்தால் 1,400. அடுத்த புதன் 1,750 வருகிறது. "ஒரே நாளில் 700 பேர் அதிகம்" என்று தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடும். நீங்கள் பழைய புதனின் 1,400-ஐ எடுத்துவிட்டு 1,750-ஐச் சேருங்கள். கூடுவது 350, ஏழால் வகுத்தால் 50. சராசரி 1,400-இலிருந்து 1,450 ஆகிறது. உயர்வு உண்மைதான், ஆனால் தலைப்புச் செய்தி சொன்ன அளவில் இல்லை.

சராசரி போட நேரமில்லை என்றால் இந்தப் புதனைப் போன புதனோடு ஒப்பிடுங்கள். செவ்வாயோடு ஒப்பிடாதீர்கள்.

4. எங்க பெரம்பலூர்ல 100தான், சென்னைல 1,000. நாங்க தப்பிச்சோம்ல?

மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 5.65 லட்சம் பேர். விரிவாக்கிய சென்னையில் சுமார் 67 லட்சம். லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால் பெரம்பலூரில் கிட்டத்தட்ட 18, சென்னையில் 15. நீங்கள் சொன்ன எண்களின்படி உங்கள் ஊரில்தான் கொஞ்சம் கூடுதல். அதோடு ஐ.சி.யூ. படுக்கைகள் எங்கே அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

5. டெஸ்ட் நிறைய எடுத்தா கேஸ் நிறைய வரத்தான் செய்யும். இதுல பயப்பட என்ன இருக்கு?

பாதி சரி. அதனால்தான் எண்ணோடு பாசிட்டிவ் விகிதத்தையும் பார்க்கச் சொல்கிறோம். 80,000 பேரைச் சோதித்து 6,000 பாசிட்டிவ் என்றால் 7.5 சதவீதம். அடுத்த வாரம் 50,000 பேரில் 5,000 என்றால் 10 சதவீதம். கேஸ் ஆயிரம் குறைந்திருக்கிறது, ஆனால் நிலைமை மோசமாகியிருக்கிறது. சோதனை பரவலோடு ஓடி ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் தந்த அளவுகோல்களில் ஒன்று, இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது.

வகுக்கும்போது ஓரிடத்தில் கால் வழுக்கும். தமிழக அறிக்கையில் "மாதிரிகள்" என்று ஒரு வரியும் "நபர்கள்" என்று இன்னொரு வரியும் இருந்தன. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று முறை மாதிரி எடுத்திருக்கலாம் என்பதால் மாதிரி எண்ணிக்கை எப்போதும் கூடுதல். அதால் வகுத்தால் விகிதம் குறைவாகத் தெரியும். எதால் வகுத்தாலும் சரி, தினமும் அதாலேயே வகுங்கள்.

6. வேற மாநிலத்துல விகிதம் நம்மளவிடக் கம்மியா இருக்கே?

எந்தச் சோதனை என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிவு தரும் ரேபிட் ஆன்டிஜென் சோதனை, உடலில் கிருமி குறைவாக இருப்பவர்கள் பலரைத் தவறவிடும். டெல்லி 2020 ஜூனிலிருந்து அதைப் பெருமளவில் பயன்படுத்தியது. தமிழ்நாடு கிட்டத்தட்ட முழுக்க ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையையே நம்பியது. ரேபிட் கலந்த மாநிலத்தின் 5 சதவீதமும் ஆர்.டி.பி.சி.ஆர். மட்டும் செய்யும் மாநிலத்தின் 5 சதவீதமும் ஒன்றல்ல.

7. ஆக்டிவ் கேஸ்னா ஆஸ்பத்திரில இருக்கறவங்களா?

இல்லை. அது வெறும் கழித்தல் கணக்கு: மொத்த பாதிப்பிலிருந்து குணமானவர்களையும் இறந்தவர்களையும் கழித்தால் மிச்சம். வீட்டுத் தனிமையில் மாத்திரை போட்டுக்கொண்டு இருப்பவரும் அதில் உண்டு, வென்டிலேட்டரில் இருப்பவரும் உண்டு.

"குணமானவர்" யார் என்ற விதி மாறினாலும் இந்த எண் ஆடும். முதலில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு நெகட்டிவ் வந்தால்தான் டிஸ்சார்ஜ். 2020 மே 8 அன்று மத்திய அரசு அதை மாற்றியது: லேசான பாதிப்பு உள்ளவருக்கு அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால் மறு சோதனை இல்லாமலே அனுப்பலாம். அதன் பிறகு பட்டியலிலிருந்து ஆட்கள் வேகமாகக் கழிந்தார்கள். ஒரே வாரத்தில் எல்லோர் உடம்பும் தேறிவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. படுக்கை நெருக்கடி தெரிய வேண்டுமானால் ஆக்சிஜன் படுக்கை, ஐ.சி.யூ. படுக்கை எத்தனை காலி என்ற பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

8. குணமடைந்தோர் 95 சதவீதம்னு பெருமையா சொல்றாங்களே?

பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. புதிய தொற்று குறைந்தாலே அந்த விகிதம் தானாக ஏறும், புதிய அலை எழுந்தால் தானாக இறங்கும். சிகிச்சை நன்றாக நடக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை. அறிக்கையில் நாங்கள் எப்போதும் தாண்டிப் போகும் வரி இது.

9. நூறு பேருக்கு ஒருத்தர்தான் சாவுறாங்கன்னா, எனக்கு வந்தா 1 சதவீத ஆபத்துன்னு எடுத்துக்கலாமா?

கூடாது, இரண்டு காரணம். ஒன்று, அது எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி. 25 வயதுக்காரருக்கும் சர்க்கரை நோயுள்ள 70 வயதுக்காரருக்கும் ஆபத்து பல மடங்கு வேறுபடும். இரண்டு, வகுக்கும் எண் முழுமையில்லாதது. சோதனைக்கே போகாதவர்கள் அதில் இல்லை. ஐ.சி.எம்.ஆர். 2020 மே–ஜூனில் நடத்திய முதல் ரத்த எதிர்ப்பணு ஆய்வில் பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. மே தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கும் என்று அதிலிருந்து கணித்தார்கள். அப்போது சோதனையில் உறுதியானவர்கள் ஒரு லட்சம்கூட இல்லை.

அலை ஏறும்போது இந்த விகிதம் பொய்யாகக் குறையவும் செய்யும். இன்று பாசிட்டிவ் ஆனவர்களில் இறக்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கணக்கில் வருவார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் அலையின் உச்சம் 2021 மே 21, அன்று 36,184 பேர். அதன் பிறகு பாதிப்பு இறங்கத் தொடங்கியும் இறப்பு எண்ணிக்கை மே மாதக் கடைசியில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

10. ஒரே நாள்ல 518 சாவுன்னு போட்டாங்களே, அன்னைக்கு என்ன ஆச்சு?

2020 ஜூலை 22 அறிக்கையைச் சொல்கிறீர்கள். அன்று வழக்கப்படி சேர்ந்தவை 74. மீதி 444-உம் சென்னையில் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்து, விடுபட்டுப்போன இறப்புகள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் மருத்துவமனைக் கணக்கையும் ஒப்பிட்ட குழு கண்டெடுத்தவற்றை ஒரே நாளில் சேர்த்தார்கள். வரைபடத்தில் அந்தத் தேதியில் ஊசி போல ஒரு கோடு நிற்கும்.

இப்படி ஊசிகள் எல்லா ஊரிலும் உண்டு. பீகார் 2021 ஜூன் 9 அன்று 3,951 பழைய இறப்புகளைச் சேர்த்தது, மறுநாள் இந்தியாவின் கணக்கு 6,148 ஆனது. சீனாவின் ஹூபே மாகாணம் 2020 பிப்ரவரியில் ஆய்வக முடிவு இல்லாமல் மருத்துவர் கணிப்பை மட்டும் வைத்தும் எண்ணலாம் என்று விதியை மாற்றியது, ஒரே நாளில் 14,840 கேஸ். இங்கிலாந்தில் நடந்தது வேடிக்கை. பழைய எக்செல் கோப்பில் இத்தனை வரிசைக்கு மேல் ஏறாது என்ற வரம்பு இருந்ததால், 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள். பிறகு அவர்களைச் சேர்த்ததும் எண் துள்ளியது.

திடீர் துள்ளலைப் பார்த்தால் முதலில் அறிக்கையின் அடிக்குறிப்பைப் படியுங்கள். அதில் இல்லையென்றால் இரண்டு நாள் பொறுங்கள். பரவல் நிஜமாகவே கூடியிருந்தால் அடுத்தடுத்த நாளும் எண் உயரத்திலேயே இருக்கும். பழைய பாக்கி என்றால் மறுநாளே பழைய இடத்துக்கு இறங்கிவிடும். ஏழு நாள் சராசரி (கேள்வி 3) இங்கே உதவாது. அந்த ஒரு ஊசி ஏழு நாளுக்கும் சராசரியைத் தூக்கி வைத்திருக்கும்.

11. இறந்தவங்க பட்டியல்ல தனித்தனியா என்னமோ எழுதியிருக்கே, அதுல என்ன பாக்கணும்?

தமிழக அறிக்கையின் பயனுள்ள பக்கங்கள் அவை. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், இணைநோய், எந்தத் தேதியில் சேர்த்தார்கள், எந்தத் தேதியில் இறந்தார், காரணம் என்ன என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. இறந்த தேதியை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போங்கள். இன்றைய அறிக்கையில் உள்ளவர்களில் பலர் இரண்டு நாள், ஐந்து நாள், சில நேரம் அதற்கும் முன்பு இறந்தவர்கள் என்று தெரியும். சேர்த்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் இடைவெளி ஓரிரு நாள்தான் என்று பலருக்கும் இருந்தால், நோயாளிகள் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று பொருள். இதை எந்த மொத்த எண்ணும் காட்டாது.

12. டெல்லி சொல்ற எண்ணும் மாநிலங்கள் சொல்றதைக் கூட்டினா வர்ற எண்ணும் ஏன் ஒத்துப்போகல?

கடிகாரம் வேறு. மத்திய சுகாதார அமைச்சகம் காலை 8 மணி நிலவரத்தை வெளியிட்டது. மாநிலங்கள் பெரும்பாலும் மாலையில், ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில். 2021 மே 7 காலை மத்திய அரசு சொன்ன 4,14,188 என்பது முந்தைய 24 மணி நேரக் கணக்கு. அதனால் சில தளங்கள் அதை மே 6 என்றும் சில மே 7 என்றும் எழுதின. தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளம் மாநில அறிக்கைகளைக் கூட்டியதால் மத்திய எண்ணைவிட முன்னால் ஓடும். அந்தத் தளம் 2021 அக்டோபர் கடைசியில் நின்றது. பழைய தரவைத் தேடுபவர்கள் இரண்டையும் கலக்காமல் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டக் கணக்கிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் சோதித்துப் பிடிபட்டவர்கள் மாவட்டங்களில் சேராமல் பட்டியலின் அடியில் தனி வரிகளாக இருந்தார்கள். மாவட்டங்களை மட்டும் கூட்டிவிட்டு "கணக்கு இடிக்குது" என்று சண்டைக்கு வந்தவர்கள் அந்த வரிகளைப் பார்க்கவில்லை.

13. எங்க தெருவுல மட்டும் ஆறு பேர் போயிட்டாங்க, அறிக்கைல ஒருத்தர்தான். மறைக்கிறாங்களா?

மறைப்பும் நடந்திருக்கலாம். ஆனால் மறைக்காமலே விடுபடவும் பல வழி இருந்தது. சோதனைக்குப் போகும் முன்பே வீட்டில் இறந்தவர் கணக்கில் வரமாட்டார். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் வெள்ளையாகத் தெரிந்தும் ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால், தினசரிக் கணக்கில் பெரும்பாலும் ஏறாது. பாசிட்டிவ் ஆகி, நெகட்டிவ் ஆன பிறகு இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்பட்டிருக்கும். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதலின்படி, சோதனையில் உறுதியான 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும், கொரோனா இறப்பாகக் கொள்ளலாம் என்றானது. குடும்பத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடும் அதை ஒட்டி வந்தது.

உண்மையான அளவை அறிய வேறு வழி இருக்கிறது. ஒரு வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்ப்பது. இதற்குக் காரணச் சான்றிதழ் தேவையில்லை, இறப்புப் பதிவு இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் இப்படிக் கணக்கிட்டு, 2020–21-இல் இந்தியாவில் வழக்கத்தைவிடச் சுமார் 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்றது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு அரசின் எண் 4.8 லட்சம் அளவில் இருந்தது. கணக்கிட்ட முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. மாதிரிக் கணிப்பு என்பதால் 47-ஐ எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொள்ள வேண்டாம். தினசரி அறிக்கையில் உள்ள இறப்பு எண் குறைந்தபட்ச எண் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

14. எல்லா இடத்துலயும் குறைஞ்சப்ப கேரளாவுல மட்டும் ஏன் எகிறுச்சு? அவங்க கோட்டை விட்டுட்டாங்கதானே?

2021 ஜூலை, ஆகஸ்டில் எல்லோரும் கேட்டது இது. அந்த ஆண்டு ஜூன்–ஜூலையில் எடுத்த ஐ.சி.எம்.ஆர். நான்காம் ரத்த எதிர்ப்பணு ஆய்வில் நாடு முழுதும் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தது, மத்தியப் பிரதேசத்தில் 79, கேரளாவில் 44.4. அதாவது கேரளாவில் அதுவரை தொற்றாமல் தப்பியவர்கள் அதிகம். டெல்டா வந்தபோது தீப்பிடிக்க விறகு மிச்சமிருந்தது. அதோடு வந்த தொற்றுகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கிலும் ஏற்றினார்கள். கேஸ் எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், ஒழுங்காக எண்ணியவருக்குத்தான் அடி விழும்.

15. வாட்ஸ்அப்ல வர்ற அறிக்கை நிஜமான்னு எப்படிப் பாக்கறது?

மேலே உள்ள தேதியைப் பாருங்கள். பாதிப் போலிகள் பழைய அறிக்கைகள்தான். பிறகு இன்றைய மொத்த எண்ணிலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழியுங்கள். "இன்று" என்று போட்ட எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இறந்தவர்களுக்குத் தொடர் எண் உண்டு, நேற்று முடிந்த இடத்திலிருந்து இன்று தொடங்கியிருக்க வேண்டும். படத்தை வெட்டி எண்ணை மாற்றுபவர்கள் இவ்வளவு தூரம் மெனக்கெடுவதில்லை.

16. மணிக்கொரு தரம் பாத்துட்டே இருக்கேன், தூக்கம் வரல. எவ்வளவு பார்த்தா போதும்?

எண் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மாறுகிறது, இடையில் வருவதெல்லாம் அதன் எதிரொலி. வாரம் இரண்டு நாள், உதாரணத்துக்குப் புதனும் சனியும், ஒரு நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: உங்கள் மாவட்டத்தின் ஏழு நாள் சராசரி, மாநிலத்தின் பாசிட்டிவ் விகிதம், காலியான ஆக்சிஜன் படுக்கை, ஏழு நாள் இறப்பு சராசரி. வீட்டுப் பெரியவரை வெளியே அனுப்பலாமா, கல்யாணத்துக்குப் போகலாமா என்று முடிவெடுக்க இதற்கு மேல் தேவைப்படாது. இரவு படுக்கப் போகும்முன் மட்டும் வேண்டாம்.

17. 2025 மே மாசம் "ஆக்டிவ் கேஸ் ஆயிரத்தைத் தாண்டியது"ன்னு செய்தி வந்துச்சே, அதை 2021 எண்ணோட ஒப்பிடலாமா?

ஒப்பிட முடியாது. வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைப் பெட்டிக்கு ஐ.சி.எம்.ஆர். 2021 மே மாதமே அனுமதி தந்துவிட்டது. முடிவைச் செயலியில் ஏற்றச் சொல்லியிருந்தும் பலர் ஏற்றவில்லை. ஒமிக்ரான் வந்த 2022 ஜனவரியிலேயே கணக்கில் வந்தவர்களைவிட வராதவர்கள் எவ்வளவு என்று சொல்ல முடியாத நிலை. பிறகு காய்ச்சல் வந்தாலும் யாரும் சோதனைக்குப் போவதில்லை. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் ஆயிரம் என்பது, சோதித்துப் பார்த்த மிகச் சிலரில் கிடைத்த ஆயிரம். ஆக்டிவ் கேஸ் என்ற கழித்தல் கணக்கின் கோளாறும் (கேள்வி 7) அப்படியே தொடர்கிறது.

இப்படிப்பட்ட நாட்களில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்பவர்கள் போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. கழிவுநீரில் கிருமியின் அளவை அளக்கும் ஊர்களில் அந்த வரைபடம் இரண்டாவது. சோதனைக்குப் போகாதவரும் அதில் எண்ணப்படுகிறார். இரண்டும் அசையாமல் இருந்தால் அந்த ஆயிரத்தைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகலாம்.